டாக்டர் தந்த இலவச மூடி

இடது கையை உயர்த்திவிட்டார். இனி யாரும் மூச்சுவிடக் கூடாது. ரேடியோவை அணைத்தாயிற்று. பக்கத்துக் கடையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர்கூடச் சுத்தியலை அந்தரத்தில் பிடித்தபடி நிற்கிறார். உறுமிக்கொண்டிருக்கும் எஞ்சின் மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக் குனிந்திருக்கிறார் டாக்டர். புருவம் மட்டும் ஏறி ஏறி இறங்குகிறது. வண்டிக்காரர் பொறுக்கமாட்டாமல், "இல்ல, காலையில ஸ்டார்ட் பண்றப்ப..." என்று ஆரம்பிக்கிறார். உயர்ந்திருக்கும் கை இன்னும் கொஞ்சம் உயர்கிறது.

"நீங்க சொல்லாதீங்க. வண்டி சொல்லும்."

வண்டி என்ன சொல்லிற்று என்பது டாக்டருக்கும் வண்டிக்கும்தான் வெளிச்சம். ஆனால் அது தவறாமல் ஏதாவது ஒரு புதுச் சாமானைக் கேட்டிருக்கும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

டாக்டர் பட்டம் எந்தக் கல்லூரியும் கொடுத்ததல்ல. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவர் நிற்கிற நிலையைப் பார்த்து எவரோ கிண்டலாக வைத்த பெயர். அவர் அதைக் கிண்டல் என்று கடைசிவரை கண்டுபிடிக்காததால் பட்டமாகவே நின்றுவிட்டது. வேலைக்கு வரும் வண்டியை 'பேஷண்ட்' என்பார். "பேஷண்ட்ட நிழல்ல நிறுத்துங்க," "பேஷண்ட்டுக்கு எப்ப கடைசியா ஆயில் மாத்துனது?" என்றெல்லாம் கேட்பார். வண்டியைத் தொடும் முன்பு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஊரில் மற்ற மெக்கானிக்குகள் வேலை முடிந்த பிறகு கழுவுகிறவர்கள்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவன். எங்கள் டாக்டரம்மா பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால், "எந்தப் பல்லுங்க வலிக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். மனித வாய்க்குப் பார்க்கிற டாக்டருக்கு அவ்வளவு தன்னடக்கம் இருக்கிறது. ஷெட் டாக்டருக்கு அந்தக் குறை கிடையாது.

ஷெட்டைக் குறை சொல்ல முடியாது. தரையில் போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஸ்பானர்கள் சுவரில் பெரியது முதல் சின்னதுவரை வரிசையாகத் தொங்கும். டாக்டரின் வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸைப் பார்த்தவர் கிடையாது. ஐம்பத்தைந்து வயதிலும் தலைமுடியில் வகிடு கோடு போட்டதுபோல் நிற்கும். இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். மனுஷன் ஏமாற்றுக்காரர் இல்லை. தொல்லையே அங்கேதான். ஏமாற்றுக்காரன் என்றால் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம். இவரோ சாமானைக் கடை விலைக்கே போட்டு, கடை ரசீதையும் நம் கையில் திணிப்பார். கழற்றிய பழைய சாமான்களைத் துடைத்து, ஒரு சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, நம் வண்டியிலேயே ஏற்றிவிடுவார். "உங்க பொருளு உங்க வீட்டுக்கே போகணும். எனக்கு எதுக்கு?" என்பார். இப்படிப்பட்டவரிடம் எந்த வாயால் சண்டை போடுவது? புதுச் சாமான் போட்ட பிறகும் பழைய நோய் தீரவில்லை என்று வண்டி திரும்பி வந்தால் டாக்டர் அசைந்தே கொடுக்கமாட்டார்.

"அதுவும் போற நிலைமையிலதான் இருந்துச்சு. இப்ப மாத்தலன்னா நடு ரோட்டுல விட்டிருக்கும்."

நடு ரோட்டில் விட்டதால்தானே ஐயா வந்திருக்கிறோம் என்று நாம் முனகுவதற்குள் இடது கை உயர்ந்துவிடும்.

டாக்டரின் தாராள மனசுக்குச் சாட்சி ஒரு மூடி. கடையை மூடிக்கொண்டு போன ஒருவரிடமிருந்து ஒரு பெட்டி நிறைய வாங்கிப்போட்டார். பெட்ரோல் டேங்குக்குப் போடுகிற மூடிகள். கண்ணாடி மாதிரி பளபளப்பு, நடுவில் பூட்டு, சிவப்பு வார் கட்டிய சாவி. வாடிக்கையாளர்களில் மனசுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் அதை அவரே மாட்டிவிடுவார். "காசா? உங்ககிட்டயா? போங்க, போய் வேலையப் பாருங்க!" சாவியை நாம் தொலைத்துவிடுவோம் என்ற கரிசனத்தில் மாற்றுச் சாவிகளைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டார். கொத்து அதற்குத்தான்.

பளபளப்பு மூடி போட்ட பேஷண்ட் வந்தால் அதற்கென்று தனிச் சடங்கு. முதலில் சாவியைப் போட்டு மூடியைத் திருகுவார். ஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். டாக்டரின் முகம் மலர்ந்துவிடும்.

"கேட்டீங்களா? காத்துகூட நுழையாது. அதுதான் தரம்!"

பிறகு டேங்கின் வாயில் மூக்கை வைத்து ஒரு தரம் இழுப்பார். "பெட்ரோல்ல பழுதில்ல," என்பார். வண்டியைக் கிளப்புவார். அதுவும் நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். "நல்லாத்தானே இருக்கு? சரி, உள்ள என்ன சொல்லுதுன்னு பாப்போம்," என்று ஸ்க்ரூடிரைவரை எடுப்பார். அந்த மூடிப் பெட்டி வந்து இறங்கியதிலிருந்து ஷெட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். கைராசி என்று ஊரே சொல்லிற்று.

என் அக்கா அந்த மூடியைப் பெற்ற பாக்கியவதிகளில் ஒருத்தி.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்ததிலிருந்து அந்தப் பழைய வேனை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டுபோய்விட்டு, நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் தொழில். அதில் ஒரு நாள் பிசகினால் மன்னிப்பார்கள். இரண்டாம் நாள் முகத்தைத் தூக்குவார்கள்.

மூடி மாட்டிக்கொண்டு வந்த சில நாளில் வேன் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. நன்றாகத்தான் கிளம்பும். பாதித் தூரம் போனதும் ஒரு செருமல், ஒரு குலுக்கல், அப்படியே படுத்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றும் நடக்காதது மாதிரி எழுந்து ஓடும். பின்னால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். "ஆன்ட்டி, இன்னைக்கும் நிக்குமா? நாளைக்குக் கணக்குப் பரீட்சை, ப்ளீஸ் ஆன்ட்டி!" என்று முன்பதிவு செய்துவைப்பார்கள்.

நான் சொன்னேன்: "வேற ஷெட்டுக்குப் போலாம்க்கா."

"வேற ஷெட்டுக்கா? போய்ப் பாரு. 'வீட்டுக்காரர அனுப்பும்மா'ன்னு சொல்லுவானுங்க. இவரு ஒருத்தருதான்டா என்கிட்டயே பேசுவாரு," என்றாள் அக்கா.

பேசுவார், வாஸ்தவம். பேசவிடமாட்டார் என்பது வேறு விஷயம்.

சிகிச்சை ஆரம்பமாயிற்று. மூடியைத் திறந்தார், ஸ்ஸ்ஸ், கேட்டீங்களா, மூக்கு, காது. முதலில் ஃபில்ட்டர் போயிற்று. வேன் நின்றது. பிறகு பிளக்கும் இக்னிஷன் காயிலும் போயின. வேன் நின்றது. "இப்பதான் தங்கச்சி தெளிவாக் கேட்டுச்சு, கார்புரேட்டர் அழுவுது," என்றார். அதன் கண்ணீரையும் துடைத்தாயிற்று. வேன் நின்றது. கடைசியில், டேங்கிலிருந்து இழுத்துக் கொடுக்கிற பெட்ரோல் பம்ப். அக்கா ஃப்ரிட்ஜ் வாங்குவதற்காகச் சேர்த்துவைத்திருந்த பணம் அப்படித்தான் துண்டு துண்டாக வேனுக்குள் போயிற்று. அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் எங்கே என்று யாராவது கேட்டால் வேனின் அடியில் குனிந்து பார்க்கச் சொல்லலாம். கழற்றிய சாமான் சாக்கு மட்டும் மாடிப்படிக்குக் கீழே நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு போயிற்று.

ஒவ்வொரு தடவையும் வேன் ஷெட்டுக்குள் தேனாக ஓடியது. டாக்டர் ஏறித் தெருக்கோடிவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "எங்க நிக்குது? என்கிட்ட நிக்கலயே?" என்பார். அதில் ஒரு பெருமை வேறு. வண்டிக்குக்கூட ஆள் பார்த்து நடக்கத் தெரிகிறது என்கிற மாதிரி அக்காவைப் பார்ப்பார். நான் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, இப்பல்லாம் கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்குறாங்களாமே?"

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்குக் காது இருக்கா தம்பி?"

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? வாயை மூடிக்கொண்டு பம்ப்புக்கான ரசீதை வாங்கிக்கொண்டேன்.

பம்ப் மாற்றிய மறுவாரமும் வேன் நின்றது. அன்று சாயங்காலம், வேனில் வருகிற இரட்டைப் பிள்ளைகளின் அம்மா தன் வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பேங்கில் வேலை பார்க்கிறவள். கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் சொல்வாள்.

"அக்கா, உங்கள நான் குறை சொல்லல. புள்ளைங்க உங்க மேல உசுரா இருக்குங்க. ஆனா இன்னொரு தடவ புள்ளைங்களோட நடு ரோட்டுல நின்னுச்சுன்னா நாங்க எல்லாருமே இப்ப புதுசா ஓட ஆரம்பிச்சிருக்கிற இன்னொரு வேனுக்கு மாறிடுவோம். வாட்ஸ்அப் குரூப்ல பேசி முடிச்சாச்சு. தப்பா எடுத்துக்காதீங்க."

இன்னும் ஒரே ஒரு தடவை. அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. மாமா கட்டிலில் படுத்தபடியே, "வித்துடலாம்," என்றார். "வித்துட்டு?" என்று அக்கா கேட்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு டாக்டர் மேல் வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்க்ரூடிரைவரை இரண்டாக வளைத்துப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் காலை அக்கா பெட்ரோல் போடப் போனாள். மனசு ஒரு நிலையில் இல்லை. பளபளப்பு மூடியைக் கழற்றி, சாவியோடு பங்க் மெஷினின் மேல் வைத்தவள், அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் டேங்க் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாள். நல்லவேளை, டாக்டரின் நாணயம் கைகொடுத்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த சாக்கைக் கவிழ்த்தால், எல்லாவற்றுக்கும் அடியில் வேனோடு பிறந்த பழைய மூடி கிடந்தது. கறுத்துப்போன, பூட்டில்லாத, பார்க்கச் சகிக்காத மூடி. அதையே மாட்டிக்கொண்டு ஓட்டினாள்.

அந்த வாரம் முழுவதும் வேன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. செருமலும் இல்லை, குலுக்கலும் இல்லை. கணக்குப் பரீட்சைகள் எல்லாம் குறித்த நேரத்துக்கு நடந்து பிள்ளைகள் நொந்துபோனார்கள். "பாத்தியா, புதுப் பம்ப்பு செட்டாகக் கொஞ்ச நாள் ஆச்சு. அவரப் போய் என்னென்ன பேசுன!" என்று அக்கா என்னைக் காய்ச்சி எடுத்தாள். நானும் ஒருவேளை அப்படித்தானோ என்று குழம்பிப்போனேன்.

அடுத்த முறை பிள்ளைகளை இறக்கிவிட்டு பெட்ரோல் போடப் போனபோது பங்க்காரர், "அக்கா, உங்க மூடி!" என்று பத்திரமாக எடுத்துவைத்திருந்ததை நீட்டினார். அதை மாட்டாமல் போனால் டாக்டர் மனசு கஷ்டப்படுமே என்று அக்கா பளபளப்பை மாட்டிப் பூட்டி, பழையதைச் சீட்டுக்கு அடியில் போட்டாள். டேங்க் நிறையப் பெட்ரோல். வீடு திரும்புகிற வழியில், பாலத்துக்கு மேல் ஒரு செருமல். ஒரு குலுக்கல். வேன் படுத்துவிட்டது.

உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை. அந்த ஒரே ஒரு தடவை இன்னும் கையில் இருந்தது. ஆனால் சாயங்காலம் அதே பாலம், அதே வேன், உள்ளே அத்தனை பிள்ளைகள்.

அக்கா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு வேனிடமே கேட்டாளாம்: "நேத்து வரைக்கும் நல்லாத்தானடி ஓடுன? இன்னைக்கு உனக்குப் புதுசா நான் என்ன பண்ணேன்?"

கேட்ட வாயை மூடவில்லை. இறங்கிப் பின்னால் ஓடினாள். சாவியைப் போட்டு மூடியைத் திருகினாள். ஸ்ஸ்ஸ்... நீளமாக, நிம்மதியாக ஒரு பெருமூச்சு. பழைய மூடியை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்தாள். பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் பாலத்தைக் கடந்து கடைசிப் பிள்ளை வீட்டுக்குள் ஓடும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை. வேன் எங்கேயும் நிற்கவில்லை. எனக்கு ஃபோன் செய்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "மூடிடா! வெறும் மூடி!" என்றாள். நான் ஆஸ்பத்திரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பினேன். வழி நெடுக வசனங்களைத் தீட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் அருமையான வசனம். அக்கா திரும்பிப் பார்த்து, "அங்க வந்து நீ வாயத் திறந்த, தொலைச்சுடுவேன்," என்றாள்.

ஷெட்டில் வழக்கம்போலக் கூட்டம். பேஷண்ட்டுகள் வரிசையாக நின்றன. முதலில் நின்றது ஒரு டாக்ஸி. காலையிலிருந்து சவாரியை விட்டுவிட்டு அதன் டிரைவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பானட்டின் மேல் புத்தம் புதிய பெட்ரோல் பம்ப் ஒன்று அட்டைப்பெட்டியோடு இருந்தது. டாக்டர் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டி..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்லாதீங்க தங்கச்சி. வண்டி சொல்லும்."

"அதேதான் அண்ணே. ஏறுங்க. அது சொல்ற இடத்துக்கே கூட்டிட்டுப் போறேன்."

பளபளப்பு மூடியைத்தான் மாட்டிக்கொண்டு போயிருந்தோம். டாக்டர் மடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். "பம்ப்பு மாத்துன பிறகு சத்தமே வேற, கவனிச்சீங்களா?" என்று வழியெல்லாம் பரவசப்பட்டுக்கொண்டு வந்தார். நான் பின்சீட்டில், பிள்ளைகள் ஒட்டிய சூயிங்கத்தின் மேல் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பாலம் வந்தது. செருமல். குலுக்கல். நின்றது.

என் ஆயுளில் ஒரு வண்டி நின்றுபோய் நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

டாக்டர் இறங்கி நேரே முன்பக்கம் போனார். அக்கா பின்பக்கம் போனாள். "அங்க இல்லண்ணே. இங்க வாங்க. இதத் திறங்க."

டாக்டர் வந்தார். இடுப்புக் கொத்திலிருந்து சாவியைத் தேடி எடுத்து, மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ்ஸ்... ஷெட்டில் கேட்டதைவிட நீளமாக இழுத்தது. பழக்கம் விடுமா? முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டீங்களா? காத்துகூட..."

அதோடு நின்றுவிட்டது பேச்சு. வாய் மட்டும் திறந்திருந்தது.

"பெட்ரோல் வெளிய போகப் போக அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும்லண்ணே?" என்றாள் அக்கா. குழந்தைக்குச் சட்டை பட்டன் போட்டுவிடுகிற குரலில்தான் கேட்டாள். "காத்தே நுழையலன்னா பெட்ரோல் எப்படிண்ணே எஞ்சினுக்குப் போகும்?"

டாக்டர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் விரலால் தடவினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எங்காவது ஓர் ஊசிமுனை ஓட்டையாவது இருக்கிறதா என்று தேடினார். தரமான மூடி. ஒரு ஓட்டையும் இல்லை. அக்கா சீட்டுக்கு அடியிலிருந்து பழைய மூடியை எடுத்து நீட்டினாள். அதன் உள்பக்கம் காற்று வருவதற்குச் சின்னத் துவாரம் இருந்தது. டாக்டர் அதை மாட்டினார். அக்கா சாவியைத் திருப்பினாள். வேன் கிளம்பிற்று.

தீட்டிவைத்த வசனங்கள் எல்லாம் என் தொண்டைவரை வந்தன. "அப்ப அந்த கார்புரேட்டர் எதுக்குண்ணே அழுதுச்சு?" என்பதுதான் முதல் வசனம். ஆனால் அந்த மூஞ்சியைப் பார்த்தபோது பாவமாகிவிட்டது. பாவமாகிவிட்டதே என்று எனக்கு எரிச்சலும் வந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் டாக்டர் மடியில் கிடந்த ஸ்க்ரூடிரைவரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே வந்தார். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் டாக்ஸி டிரைவர் எழுந்து நின்றார். "டாக்டர், பம்ப்ப மாட்டிடலாமா? நானும் போய் நாலு சவாரி பாக்கணும்..."

டாக்டர் இடது கையை உயர்த்தினார். ரேடியோ நின்றது. பக்கத்துக் கடைச் சுத்தியலும் நின்றது. அவர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. டாக்ஸியின் பின்பக்கம் போனார். அப்போதுதான் நானும் பார்த்தேன்: வரிசையில் நின்ற அத்தனை வண்டிகளிலும் அந்தப் பளபளப்பு.

கொத்திலிருந்து ஒரு சாவி. ஸ்ஸ்ஸ். அந்த மூடியைக் கழற்றிக்கொண்டு, டேங்கின் வாயில் ஒரு துணியைச் செருகிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். இன்னொரு சாவி. ஸ்ஸ்ஸ். அதற்கடுத்தது. ரேடியோ இல்லாத அந்த அமைதியில் ஒவ்வொன்றும் தெருவரைக்கும் கேட்டது. "அப்ப, பம்ப்பு?" என்றார் டாக்ஸி டிரைவர். டாக்டர் அவரைப் பார்க்காமலே அட்டைப்பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தார்.

கழற்றிய மூடிகளை ஒவ்வொன்றாகக் கைக்குட்டையால் துடைத்து ஒரு சாக்கில் போட்டார். வாயை இறுகக் கட்டினார். பழைய சாமானை அவரவர் வண்டியிலேயே ஏற்றிவிடுவார் என்று சொன்னேனல்லவா? அன்று மட்டும் சாக்கைத் தன் நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.